வாசித்துக் காட்டாத வாக்குமூலம்

சோபா தைக்கிறவளுக்கு நாவல் எதற்கு என்று கேட்டவர்கள் எல்லோரும் அவள் தைத்த சோபாவில் சாய்ந்துகொண்டுதான் கேட்டார்கள். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெருவில் அவளுக்கு சோபாக்கா என்று பெயர். கடைத்தெருவின் கடைசியில், பெரிய ஷட்டர் ஒன்றுக்குப் பின்னால் அவளுடைய பட்டறை இருந்தது. உள்ளே போனால் எலும்பும் தோலுமாக நிற்கிற நாற்காலிகள், சுவரோடு சாய்த்து வைத்த ஸ்பான்ஜ் பலகைகள், மூக்கில் ஏறுகிற பசை வாசனை. எவ்வளவு பிய்ந்துபோன சோபாவாக இருந்தாலும் அவள் கைக்கு வந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

நூலகத்து நாற்காலிகளுக்கு உறை மாற்றப் போனபோதுதான் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். ஒரே மாதத்தில் ஒரு நாவல். யார் வேண்டுமானாலும் சேரலாம். மாதக் கடைசியில், எழுதி முடித்தவர்கள் ஆளுக்கு ஓர் அத்தியாயத்தை நூலகக் கூடத்தில் வாசிக்க வேண்டும். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

நூலகர் சின்ன வயதுப் பெண். மூச்சு விடாமல் பேசுவாள்.

“நல்லா எழுதணும்னு அவசியமே இல்லக்கா. முடிக்கணும், அவ்வளவுதான். ஒரே ஒரு கண்டிஷன், எழுதினதைத் திரும்பிப் படிக்கக் கூடாது. படிச்சா திருத்தத் தோணும். திருத்த உக்காந்தா மாசம் போயிடும். கூடத்துல வாசிக்கிற அன்னைக்குத்தான் நீங்களே அதைப் பாக்கணும்.”

“வாசிக்கிறதைக் கேக்க நாம யாரையாவது கூப்பிடலாமா?”

“தாராளமா.”

“சொந்தக்காரங்களைக் கூட?”

“அவங்கதான் நிறைய வருவாங்க.”

அந்தப் பதில் அவளை இழுத்துவிட்டது. அங்கேயே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவளிடம் சொல்வதற்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். கல்யாணமான புதிதில் புகுந்த வீட்டில் நாத்தனாரின் மோதிரம் காணாமல் போனது. நாத்தனார் அங்கே இங்கே தேடவில்லை. “வீட்டுக்குப் புதுசா வந்தது யாரு?” என்று ஒரு கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். இவள் பெட்டியை நடுக்கூடத்துக்கு இழுத்து வந்து, மடித்து வைத்திருந்த துணியை ஒவ்வொன்றாக உதறிப் போட்டார்கள். உள்ளாடையையும் விடவில்லை. வீடே சுற்றி நின்று பார்த்தது. கட்டினவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, “நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும். கை கழுவுறப்போ அக்கா அதைக் கழட்டி ஜன்னல் மேல வச்சதை நானே பாத்தேன்” என்றார். சமாதானம் சொன்னாராம். நாத்தனார் சொன்னதில் அவள் மனம் உடையவில்லை. இந்தச் சமாதானத்தில்தான் உடைந்தது.

மறுநாள் மோதிரம் ஜன்னலுக்கு வெளியே, தொட்டிச் செடி மண்ணில் கிடைத்தது. நாத்தனார் அப்போதும் விடவில்லை. “பயந்துபோய்த் திருப்பி வச்சுட்டா” என்று போகிற இடமெல்லாம் சொன்னாள். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் வீட்டில் ஒரு ஸ்பூன் காணாமல் போனால்கூட நாலு கண் இவள் கைப்பையின் பக்கம் போய்விட்டுத்தான் வரும்.

இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவரிடம் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாய் வரைக்கும் வரும், முழுங்கிவிடுவாள். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, ஆளுக்கொரு திசையில் வேலைக்கும் போயாயிற்று. முழுங்கினது மட்டும் செரிக்கவே இல்லை.

அவர் நீதிமன்றத்தில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் ஊருக்கு அவர் ஸ்டெனோதான். சாட்சி எவ்வளவு வேகமாக உளறினாலும் அவருடைய பென்சில் பின்தங்காது, ஒரு வார்த்தையைக் கூட்டவும் மாட்டார் குறைக்கவும் மாட்டார் என்று வக்கீல்களே சொல்வார்கள். அதே மனுஷரிடம் வீட்டில் ஏதாவது கேட்டால் ‘ம்’ என்பார். அந்த ‘ம்’முக்குள் ஆமாவும் இருக்கும், இல்லையும் இருக்கும். வேண்டியதை நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

“எனக்குக் கை ஒழியாது. தச்சுக்கிட்டே சொல்றேன், நீங்க எடுத்து டைப் அடிச்சுக் குடுக்குறீங்களா?” என்று கேட்டாள்.

“சொல்லு, எடுத்துடலாம்” என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வேலையை விட்டு வந்தபிறகு அவரிடம் யாரும் எதையும் எழுதச் சொன்னதில்லை.

கை ஒழியாது என்று அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழுசும் அதுவே இல்லை. முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததை ஒரு சோபாவின் முதுகைப் பார்த்துச் சொல்லிவிடலாமே. கதையில் வருகிற புருஷன் ‘அவன்’தான், பெயர்கூடக் கிடையாது. மோதிரத்தைக் கைக்கடிகாரம் ஆக்கிவிட்டால் போயிற்று. எழுதுகிறவருக்கு மட்டும் புரியும். அப்புறம் ஒரு நாள் கூடத்தில் நாத்தனாரும் உட்கார்ந்திருக்க, ஊர் கேட்க, அதை அவளே வாசிப்பாள். சண்டை போடாமல், குரலை உயர்த்தாமல், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த மாதிரி இருக்கும். அவள் போட்ட திட்டம் இவ்வளவுதான்.

அந்த மாதம் பட்டறையில் வேலையும் கதையும் சேர்ந்தே ஓடின. அவள் தரையில் முட்டி போட்டு, வளைந்த ஊசியை உறைக்குள் விட்டு வாங்கியபடி சொல்லிக்கொண்டே போவாள். அவர் ஸ்பான்ஜ் அடுக்கின்மேல் உட்கார்ந்து சுருக்கெழுத்தில் எடுத்துக்கொள்வார். கோடும் வளைவும் புள்ளியுமாக அவர் எழுதுவது அவளுக்கு ஓரெழுத்தும் விளங்காது. அப்புறம் மூலையில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரில் டைப் அடிப்பார். வாடிக்கையாளர் வந்து, “அக்கா, என் மெத்தை?” என்று கேட்டால், “கொஞ்சம் இருங்க, இங்க ஒருத்திக்குக் கல்யாணம் நடக்குது” என்பாள். சில நாள் கதை நகராமல் படுத்துக்கொள்ளும். அன்றைக்கெல்லாம் கதாநாயகி வெறுமனே துணி துவைப்பாள், ஜன்னலைத் துடைப்பாள். நூலகர் சொன்னதுதானே, நல்லா இருக்க வேண்டியதில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதையும் அவள் கட்டளையாகவே எடுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பெட்டியைக் கொட்டுகிற அத்தியாயம் வந்த அன்று ஊசியில் நூலை இரட்டையாகக் கோத்துக்கொண்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு சாய்வு நாற்காலியின் கையைத் தைத்தபடியே சொன்னாள். துணிகள் விழுந்ததைச் சொன்னாள், சுற்றி நின்ற கால்களைச் சொன்னாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, “அவன் எழுந்திருக்கவில்லை. பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். கடிகாரம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அவன் பேசவில்லை” என்றாள்.

பென்சில் நிற்கும் என்று எதிர்பார்த்தாள். நிற்கவில்லை. தாளின்மேல் அது ஓடுகிற சத்தம் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டது. அப்புறம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ம். மேல சொல்லு” என்றார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த அழுகை. சொல்லியாயிற்று, அவரும் கேட்டுக்கொண்டார், மறுக்கவில்லை, எழுதியும் விட்டார். இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த பாரத்தை யாரோ ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டது போல இருந்தது. அன்றைக்கு அவருக்கு டீயில் சர்க்கரையைக் கொஞ்சம் கூடவே போட்டாள். டாக்டர் சொன்னது ஒரு நாளைக்குப் பரவாயில்லை என்று தோன்றியது. மிச்ச நாட்களில் அவர்மேல் அப்படி ஒரு பாசம். புதிதாகக் கட்டிக்கொண்டவள் மாதிரி, அவர் சட்டையில் பட்டன் சரியாக இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தாள்.

நாவல் முடிந்தது. நாத்தனாருக்கு அவளே போன் போட்டாள்.

“அண்ணி, நான் ஒரு கதை எழுதியிருக்கேன். லைப்ரரில வாசிக்கிறேன். நீங்க அவசியம் வரணும்.”

“நீயா? எழுதியா?” என்று நாத்தனார் சிரித்தாள். ஆனால் வந்தாள். விசேஷத்துக்கு வருகிற மாதிரி சீவி முடித்து, செண்ட் அடித்துக்கொண்டு, தம்பி பக்கத்து நாற்காலியில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கூடம் நிறைந்திருந்தது. நூலகர், ஸ்டெனோ கொடுத்ததை அச்செடுத்து, புதுத்தாள் வாசனையோடு பிரதியைக் கையில் கொடுத்து, “எந்த அத்தியாயம்க்கா?” என்றாள். அவள் பக்கத்தைத் தேடி எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். பெட்டி நடுக்கூடத்துக்கு வந்தது. துணிகள் விழுந்தன. கூடத்தில் ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. நாத்தனாரின் முகம் மெல்ல இறுகுவதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். வந்துவிட்டது, அடுத்த வரிதான்.

“அவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தான்” என்று அவள் வாய் வாசித்தது.

அவளுக்குப் புரியவில்லை. பக்கம் மாறிவிட்டதோ என்று பார்த்தாள். மாறவில்லை. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தவும் முடியாமல் தொடரவும் முடியாமல், கண் போன போக்கில் வாய் போயிற்று. “ ‘நிறுத்துங்கள். என் மனைவி எடுக்கவில்லை. கடிகாரம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்’ என்று அவன் உரத்துச் சொன்னான். பிறகு தரையில் உட்கார்ந்து, அவளுடைய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தான்.”

மடித்து வைத்தானாம். தன் கைக்குட்டையைக்கூட மடித்தறியாத மனுஷர்.

கூடம் கைதட்டியது. யாரோ ஒருவர், “புருஷன்னா இப்படி இருக்கணும்” என்றார். அவளுடைய கணவர் யார் என்று அறிந்த ஒருவர் எட்டி ஸ்டெனோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஸ்டெனோ கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கூச்சத்தைப் பார்த்தபோதுதான் அவள் கோபத்தில் பிரதியைப் பட்டென்று மூடினாள். அன்றைக்கு ஒரு தடவை அவளை விட்டுக்கொடுத்தார். அதைச் சொல்ல அவள் ஒரு மாதம் முட்டி தேய வேலையோடு வேலையாகக் கட்டிய கதையில், அடிமடியிலேயே கை வைத்துவிட்டார்.

வாசிப்பு முடிந்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். நாத்தனார் கையில் கோப்பையோடு, நாலு பேர் நிற்கிற இடமாகப் பார்த்து அவளிடம் வந்தாள்.

“கதை நல்லாத்தான் கட்டியிருக்க. ஆனா என் தம்பி அன்னைக்கு இப்படியெல்லாம் எதுவும் சொல்லலையே. வாயே திறக்கல. பேப்பர்தான் படிச்சுக்கிட்டிருந்தான்.”

சுற்றி நின்றவர்கள் ஸ்டெனோவைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். கோபம் எல்லாம் ஒரு நிமிஷம் ஒதுங்கி வழிவிட்டது. இப்போது சொல்லட்டும், போதும் என்று நினைத்தாள். புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அவரே உட்கார்ந்து டைப் அடித்த வசனம்தான். அக்கா எதிரிலேயே நிற்கிறாள். என் மனைவி எடுக்கவில்லை, நீ கழற்றி வைத்ததை நான் பார்த்தேன். இதைச் சொல்லிவிட்டால் டைப் அடித்ததையும் மன்னித்துவிடுவாள், அந்தப் பேப்பரையும் சேர்த்தே மன்னித்துவிடுவாள்.

ஸ்டெனோ பிஸ்கட்டை டீயில் முக்கினார்.

“கதைதானேக்கா” என்று சிரித்தார். “கதைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும். நடந்ததுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அதானே பாத்தேன்” என்றாள் நாத்தனார்.

“அண்ணி சொல்றதுதான் நிஜம்” என்றாள் சோபாக்கா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “இவர் வாயே திறக்கல.” கோப்பையை வைத்துவிட்டு, பிரதியை எடுத்துக்கொண்டு, தனியாகவே நடந்து வீட்டுக்குப் போனாள். எனக்காகச் சாட்சி சொல்ல இந்த உலகத்தில் ஆள் கிடைத்தது, அதுவும் இந்த அண்ணியா என்று வழியெல்லாம் நினைத்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

மறுநாள் காலையில் அவள் பட்டறையைத் திறந்து வெகுநேரம் கழித்துத்தான் அவர் வந்தார். ஸ்பான்ஜ் அடுக்கின் பக்கம் போகாமல் வாசலிலேயே நின்றார்.

“நான் சொன்னதைத்தானே எழுதினீங்க? பென்சில் ஓடினதை நான் கேட்டேன்.”

“சுருக்கெழுத்துல நீ சொன்னதுதான் இருக்கு. டைப் அடிக்கிறப்போ கை வரல.”

“கை வரலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“ம்.”

“கோர்ட்ல எத்தனை பேர் பொய் சொல்லியிருப்பாங்க. கொலை பண்ணினவன் பொய் சொன்னா அதையும் புள்ளி மாறாம எழுதுவீங்க. அவனுக்குக் குடுத்த மரியாதை எனக்கு இல்ல. நான் சொன்னது நிஜம், அதைப் போய் மாத்தியிருக்கீங்க.”

“கோர்ட்ல அது எவனோட விவகாரமோ” என்று மென்று முழுங்கினார். “இது என்னோடது. நான் அன்னைக்கு அப்படி எழுந்திருச்சிருக்கணும்னுதான் இத்தனை வருஷமா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. அதான்…”

“உங்க மனசுல ஓடுறதை நீங்க தனியா எழுதிக்குங்க. இது என் பெட்டி, என் துணி. அதை ஊரே பாத்தது. அந்த ஒரு நாள் எனக்கு மிச்சம் இருந்தது, அதையும் நீங்களே எடுத்துக்கிட்டு நல்லவர் ஆயிட்டீங்க. எனக்குக் கை தட்டல. உங்களுக்குத்தான் தட்டினாங்க.”

அவள் கையிலிருந்த கத்தரியை மேஜைமேல் வைத்தாள்.

“சாட்சி சொல்லி முடிச்சதும் அவங்க முன்னாடியே வாசிச்சுக் காட்டி, சரியா இருக்குன்னு கையெழுத்து வாங்குவாங்கன்னு சொல்வீங்கல்ல. எனக்கு ஏன் வாசிச்சுக் காட்டல?”

“திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு லைப்ரரில…”

“சப்பைக்கட்டு கட்டாதீங்க. மாசம் முடிஞ்சு போச்சு. உக்காருங்க. நான் சொல்றேன், அடிங்க. அடிச்சதை வாய்விட்டு வாசிங்க. சரியா இருந்தா நான் கையெழுத்துப் போடுறேன்.”

அவர் உட்கார்ந்தார். அவள் அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து சொன்னாள், ஒரு வார்த்தை தடுமாறவில்லை. அவர் அடித்தார், ஒவ்வொரு வரியாக வாசித்தும் காட்டினார். நீதிமன்றக் குரல், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல். துணிகள் விழுந்தன. கால்கள் சுற்றி நின்றன. “அவன் எழுந்திருக்கவில்லை” என்று அடித்தார், வாசித்தார். “பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.” வாசித்தார். “கடிகாரம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.” இங்கே ‘கடிகாரம்’ என்பதோடு ஒரு தடவை நின்றார். ஆனாலும் வாசித்துவிட்டார்.

“தெரிந்திருந்தும் அவன் பேசவில்லை” என்றாள்.

‘தெரிந்திருந்தும் அவன்’ வரைக்கும் அடித்தார். விரல்கள் விசைப்பலகையின்மேல் அப்படியே நின்றன. அவள் காத்திருந்தாள். வெளியே ஒரு வண்டி வந்து நின்று, யாரோ ஒரு மெத்தையை இறக்கி வாசலில் சாய்த்துவிட்டுப் போனார்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரைப் பார்த்து இளகிவிடக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இளகி இளகித்தான் இங்கே வந்து நிற்கிறாள்.

“எழுந்திருங்க” என்றாள்.

அவர் எழுந்து நின்றார். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒற்றை விரலை நீட்டிப் பலகையில் தேடினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல். ‘பே’ என்று தனியாக ஓர் எழுத்து அதில் எங்குமே இல்லை.

“இது எப்படி வரும்?” என்று திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

பிறகு அவளுடைய தோளுக்கு மேலாக அவர் கை வந்தது. முதலில் கொம்பு இருக்கிற இடத்தையும், அதற்கப்புறம் ‘ப’ இருக்கிற இடத்தையும் வாய் திறக்காமல் விரலால் தொட்டுக் காட்டினார். அவள் அதே வரிசையில் அழுத்தினாள்.